ஒன்பது முடிச்சு

எனக்குப் பொறாமை வந்தது ஐம்பத்திரண்டாவது வயதில். சின்னம்மை மாதிரிதான் அதுவும். சின்ன வயதில் வந்தால் லேசாகப் போகும், காலம் தப்பி வந்தால் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். என்னைப் புரட்டித்தான் போட்டது.

பொதிகை மலை அடிவாரத்தில் எங்கள் மருந்து மடம். பேர்தான் மடம். காவியும் கிடையாது, பல்லக்கும் கிடையாது. நோயாளிகள் வந்து தங்குவார்கள். நாங்கள் மருந்து அரைத்துக் கொடுப்போம். இருபத்தெட்டு வருஷமாக நான் அங்கே சீடன். பேர் கோமதிநாயகம்.

முதலில் பெரிய அய்யாவிடம் இருந்தேன். அவர் போன பிறகு அவர் மகள் உலகம்மை குருவாக உட்கார்ந்தார். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டார். நான் "அம்மா" என்றேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை வேறே.

சிவசைலம் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். வந்து நாலே வருஷம். முப்பத்து மூன்று வயதுக்காரன். தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், தாயாருக்கு மருந்து வாங்க வந்து இங்கேயே தங்கிவிட்டான். நோயாளிகள் எல்லாருக்கும் அவன்தான் வேண்டும். "சைலம் எங்கே, சைலம் சாப்பிட்டாச்சா, சைலம் வந்து நாடி பார்க்கட்டும்." நான் பக்கத்தில் நின்றால் என்னைத் தாண்டி அவனைத் தேடுவார்கள்.

அம்மாவும் அப்படித்தான். என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிடும்போது குரலில் மரியாதை இருக்கும். அவனை "சைலம்" என்று கூப்பிடும்போது அதில் வேறு ஏதோ இருக்கும். மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மருந்து அரைக்கிற கல்வத்தையும் அவனிடம் கொடுத்தார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பிரகம் என்று ஒரு கல். மலையில் தகடு தகடாகக் கிடைக்கும். வெயில் பட்டால் மினுக்கும். அதைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, வரட்டி அடுக்கி எரித்துப் புடம் போட்டால் சாம்பல்போலப் பற்பமாகும். மூச்சிளைப்புக்கு அதைவிட நல்ல மருந்து எங்கள் மடத்தில் கிடையாது. ஆனால் எல்லாம் அரைப்பில்தான் இருக்கிறது. துளி மினுக்கு மிச்சம் இருந்தாலும் அது மருந்து இல்லை. உள்ளே போனால் குடலை அறுத்துவிடும்.

எங்கள் முறை பன்னிரண்டு நாள். கல்வம் என்பது நடுவில் குழிந்த கருங்கல். காலை வெயில் வாசற்படியில் விழும்போது அதில் குழவியை வைத்தால், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை குழவி ஓயக்கூடாது. அரைக்கிறவன் பேசக்கூடாது, எழுந்திருக்கக் கூடாது. பதினோரு தடவை நான் அரைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட மணிக்கு முன்னால் கையை எடுத்ததில்லை.

இந்தத் தடவை அம்மா சொன்னார்: "சைலம் அரைக்கட்டும். உங்க தோள்பட்டை வலிக்கு ஆகாது அண்ணாச்சி. நீங்க மூலிகை முற்றத்தைப் பாத்துக்கிடுங்க."

"சரிம்மா" என்றேன். தோள்பட்டை வலிக்கவில்லை. வயிறுதான் எரிந்தது.

மருந்து யாருக்கு என்றால், மாடத்திக்கு. ஆலங்குளம் பக்கத்துக்காரி. இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றியவள். புகையிலைத் தூள் நெஞ்சில் ஏறி, இழுக்கிற மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். படுத்தால் அடைக்கும். அதனால் படுப்பதே இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவாள். அரைப்பு அறைக்கு அடுத்த அறை அவளுக்கு. போகிற வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "மருந்து என்னைக்கு ஆகும் சாமி?"

மூலிகை முற்றத்துக்கும் அரைப்பு அறைக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். நான் ஆடாதொடை இலையைக் காயப்போட்டுப் புரட்டிக்கொண்டிருப்பேன். கை இலையில், காது கல்லில். மற்றவர்கள் எல்லாம் முன்கட்டில், சமையலில், நோயாளிகளோடு. கல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

மூன்று நாள் ஒழுங்காக அரைத்தான், படுபாவி. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

நாலாம் நாள் மணி அடிக்க வெகுநேரம் இருக்கும்போதே குழவிச் சத்தம் நின்றது.

இலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். கல்வம் தனியாகக் கிடந்தது. திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்த அடுத்த அறையில் மாடத்தி இருமிக்கொண்டிருந்தாள். சிவசைலம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "மெதுவா இழுங்கக்கா, ஒண்ணும் இல்லை, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. அவன் கல்லுக்குத் திரும்பவே இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு ருசித்தது. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த வாழைநாரில் ஒரு இழை கிழித்தேன். ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஐந்தாம் நாளும் அதே கதை. இரண்டாவது முடிச்சு.

அன்றைக்கே போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நினைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? "சைலம், விட்ட நேரத்தையும் சேத்து அரைச்சிரு" என்பார். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்பான். அவ்வளவுதான். அதற்கா நான் வெயிலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்? வெயில் காட்டு வரட்டும், எல்லார் முன்னாலும் தெரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெயில் காட்டு என்பது எங்கள் மடத்துச் சடங்கு. புதுப் பற்பத்தை யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், அரைக்காத ஒருவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் பரப்பி முற்றத்து வெயிலில் பிடிப்பார். சூடம் காட்டுவோம், சங்கு ஊதுவோம். தட்டைப் பிடிக்கிறவர்கூட, எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடுவோம். மடத்தை உண்டாக்கிய பெரிய சாமி மலையில் தவம் இருந்தபோது சூரியனே இறங்கி வந்து சொல்லிக்கொடுத்த சடங்கு என்பார்கள். கண்ணைத் திறந்தால் தோஷம் என்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக நானும் மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள். மாடத்திக்கு மத்தியானம் நெருங்கினால் மூச்சு முட்டும், அவன் கல்லை விட்டு ஓடுவான், நான் நாரை எடுப்பேன். பன்னிரண்டாம் நாள் அரைப்பு முடிந்தபோது என் நாரில் ஒன்பது முடிச்சு இருந்தது.

வில்லை காய்ந்தது, புடம் எரிந்து ஆறியது. நாளைக்கு வெயில் காட்டு.

முந்தின நாள் மத்தியானம் முற்றத்தில் தனியாக உட்கார்ந்து நாரை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறுத்தியது. சிவசைலத்தின்மேல் பொறாமை இல்லாவிட்டால், கல் ஓய்ந்தது என் காதில் விழுந்திருக்குமா? எங்கே விழ! முன்னொரு தடவை வேறொரு சீடன் அரைத்தபோது இதே முற்றத்தில்தான் இருந்தேன். அவன் அரைத்தானா, தூங்கினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "அரைப்பில் குறை வைப்பது பாவம்" என்று இப்போது இந்தத் துடி துடிக்கிறதே, துடிப்பது நெஞ்சா வயிறா?

எழுந்து அம்மாவிடம் போனேன். அவர் சுக்கு தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்விம்மா."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இது தப்புன்னு ஒருத்தன் மனசு சொல்லுது. ஆனா அந்த எண்ணமே பொறாமையில பொறந்ததுதான். பொறாமை இல்லைன்னா அது வந்தே இருக்காது. அப்போ அந்த நியாயம் செல்லுமா, செல்லாதா?"

"யாரு அந்த ஒருத்தன்?"

"பொதுவாக் கேட்டேன்."

"ஓ, பொதுவா." இன்னொரு சுக்கைத் தட்டினார். "பொறப்பு சரியில்லாத நியாயத்தைத் தூக்கிப் போட்டுரலாமாங்கீங்க."

"ஆமாம்மா."

"போட்டுரணும்னு ஆசையா, வச்சுக்கிடணும்னு ஆசையா?"

எனக்கு இரண்டும்தான் இருந்தது.

"நாளைக்கு வெயில் காட்டுல தட்டை நீங்க பிடிங்க" என்றார்.

"கேள்விக்குப் பதில்?"

"பிடிங்க. பொறவு பாப்போம்." சுக்குத் தூளை ஊதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேற ஏதும் எங்கிட்டச் சொல்லணுமா அண்ணாச்சி?"

நார் இடுப்பில் இருந்தது.

"ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். மாடத்தியைச் சிவசைலம் கைத்தாங்கலாக அழைத்து வந்து தூணோரம் உட்கார வைத்தான். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். மருந்து கைக்கு வருகிற நாள் அல்லவா.

அம்மா ஒரு சிட்டிகை பற்பத்தைக் கறுப்புச் சட்டியின் மூடியில் பரப்பி என்னிடம் கொடுத்தார். அதுதான் தட்டு. சூடம் ஏற்றினார்கள், சங்கு ஊதினார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை.

மூடியை வெயிலில் லேசாகச் சாய்த்தேன். ஒரு மினுக்கு. இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு, சேர்ந்தாற்போல.

"மினுக்கு!" என்று கத்தினேன். "மினுக்கு இருக்கு! மருந்துல மினுக்கு இருக்கு!"

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்தாச்சு என்று கூவுகிறவன் குரல்போல இருந்தது. அது என் காதிலேயே விழுந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். சிவசைலத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"கண்ணைத் தொறந்தீங்களா அண்ணாச்சி?" என்றான் மெதுவாக.

அவ்வளவுதான். "ஆமா, வெயில் காட்டுல கண்ணைத் தொறக்கலாமா" என்று பின்னால் முணுமுணுத்தார்கள். மினுக்கை விட்டுவிட்டு என் கண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிவசைலம் அம்மா பக்கம் திரும்பினான். "அம்மா, இதைச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நான் வந்த நாள்லேருந்து அண்ணாச்சிக்கு என்னைக் கண்டா ஆகாது. கல்வம் என் கைக்கு வந்த பொறவு எங்கிட்ட ஒரு வார்த்தை நல்லாப் பேசல. நான் எங்கன சறுக்குவேன்னு பாத்துக்கிட்டே இருக்காரு. இப்படி இருக்கிறவர் சொல்லுதை எப்படிம்மா எடுத்துக்கிட?"

ஒவ்வொரு சொல்லும் நிஜம். அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

"ஆமாய்யா, பொறாமைதான்!" என்று வெடித்தேன். "எரியுது. உன்னைப் பாத்தா எரியுது. சோறு இறங்க மாட்டேங்கு. அதுக்காக மினுக்கு இல்லைன்னு ஆயிருமா? அம்மா, நேத்து பொதுவாக் கேட்டேன்லா, அது பொதுவா இல்லை. என்னையத்தான் கேட்டேன்."

இடுப்பிலிருந்து நாரை உருவி அம்மாவிடம் நீட்டினேன். "நாலாம் நாள்லேருந்து பன்னெண்டாம் நாள் வரைக்கும், தினம் மணிக்கு முன்னாலேயே கல்லை நிறுத்திட்டான். நாளுக்கு ஒரு முடிச்சு. எண்ணிப் பாருங்க."

அம்மா நாரை வாங்கினார். ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துக் கையிலேயே சுற்றி வைத்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் கேட்டார்.

"சைலம், கல்லை நிறுத்தினியா?"

"நிறுத்தினேம்மா."

"என்னத்துக்கு?"

"அக்கா மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருக்கும்போது அடுத்த ரூம்ல உக்காந்து எப்படிம்மா அரைக்க? காதுல விழுதுல்லா. போய் முதுகைத் தடவி விட்டேன். மீதிய விட்டாலும் இம்புட்டு அரைச்சது போதும், சீக்கிரமா அக்கா கைக்கு மருந்து வந்தாச் சரின்னு மனசு சொல்லிச்சு."

"எதுலேருந்து சொல்லிச்சு?"

"பாசத்துலதாம்மா."

அம்மா என் கையிலிருந்த மூடியைப் பிடித்து அவன் பக்கம் சாய்த்தார்.

"பாசத்துல அரைச்சது. மினுக்கு போயிருச்சான்னு பாரு."

பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். எனக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. மறைத்து என்ன ஆகப்போகிறது, இறங்கத்தான் செய்தது.

கூட்டத்தில் சமையல்கார அம்மாள் ஒருத்தி மட்டும் விடவில்லை. "அதெல்லாம் சரி தாயி. இவுக கண்ணைத் தொறந்தது தோஷம் இல்லையா? சூரியன் சொன்ன முறைல்லா?"

"யாரு சொன்னா சூரியன்னு?" என்று அம்மா கேட்டார்.

"பெரிய சாமிக்கு..."

"பெரிய சாமியும் சின்ன சாமியும் ஒரே குருகிட்ட இருந்தாங்க" என்று அம்மா ஆரம்பித்தார். கதை சொல்கிற குரல் இல்லை, சுக்கு தட்டுகிறபோது பேசுகிற அதே குரல். "சின்ன சாமி கைக்கு நல்ல பேரு. நோயாளி எல்லாம் அவருகிட்டத்தான் போவாங்க. பெரிய சாமிக்கு வயிறு எரிஞ்சுது. சின்ன சாமி மருந்துல ஏதாவது குத்தம் கிடைக்குமான்னு தினமும் ஒரு சிட்டிகை திருடிக் கொண்டுபோய் வெயில்ல வச்சுப் பாப்பாராம். நாப்பது தடவை ஒண்ணும் கிடைக்கல. நாப்பத்தொண்ணாவது தடவை மினுக்கிச்சு. ஓடிப்போய் நோயாளி வாயிலேருந்து மருந்தைத் தட்டி விட்டாரு. ஆள் பிழைச்சுது. அன்னையிலேருந்து, ஒருத்தர் அரைச்சா இன்னொருத்தர் வெயில்ல பாக்கணும்னு ஆச்சு. எங்க அய்யா எனக்குச் சொன்னது."

அம்மா சமையல்கார அம்மாளைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"பொறாமையில பொறந்த முறைன்னு சொல்ல வெக்கமாப் போச்சு பின்னால வந்தவங்களுக்கு. சூரியனைக் கூட்டியாந்தாங்க. சூரியன் வந்ததும் எல்லாரும் கண்ணை மூடிட்டாங்க."

"நீங்களுமாம்மா?" என்று கேட்டேன்.

"நான் மூடுனதே இல்லை அண்ணாச்சி. எங்க அய்யாவும் மூட மாட்டாரு. நீங்கதான் எல்லாரும் மூடிக்கிட்டு இருந்தீங்க, அதனால பாக்கல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மடத்து முறையே வயிற்றெரிச்சலில் பிறந்தது என்றால் என் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

"அப்போ நான் சொன்னது செல்லும்!"

"செல்லும்" என்றார் அம்மா. "மினுக்கு இருந்தா இருக்கு. யாரு வயிறு எரிஞ்சு பாத்தாலும் இருக்கு. யாரு பாசத்தோட பாத்தாலும் இருக்கு."

கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒருத்தரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

அம்மா மூடியிலிருந்த பற்பத்தை மண்ணில் கொட்டினார். "சைலம், கல்வத்தைக் கழுவு. புதுசா ஆரம்பி. நோயாளி பக்கத்துல வேற ஆள் இருப்பாங்க. நீ கல்லை விட்டு எந்திரிக்கப்படாது."

"சரிம்மா."

"பன்னெண்டு நாள் அரைப்பு. காயவும் புடத்துக்கும் மூணு நாள்."

தூணோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடத்தி. பேச எடுத்த மூச்சு பாதியில் நின்று, மறுபடி எடுத்து, அப்புறம்தான் பேசினாள்.

"இன்னும் பதினஞ்சு நாளா தாயி?"

"ஆமா மாடத்தி."

"இன்னைக்குன்னுல்லா இருந்தேன்." மறுபடி மூச்சு. "மருந்தைத் தின்னுட்டு இன்னைக்குக் காலை நீட்டிப் படுக்கலாம்னு பாயைத் தட்டி வச்சிட்டு வந்தேன்."

"பாவம்" என்று நான்தான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கையில் சுற்றி வைத்திருந்த நாரைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"இதை மாடத்தி கையில குடுங்க அண்ணாச்சி."

"அவகிட்டயா? எதுக்கும்மா?"

"முதல் முடிச்சு என்னைக்குப் போட்டது, ஒம்பதாவது என்னைக்குப் போட்டது, எல்லாம் அவளுக்குச் சொல்லுங்க. மினுக்கைப் பாக்க நான் இருக்கேன். கல்லு நின்ன இந்தக் கணக்கு உங்ககிட்ட மட்டுந்தான இருந்தது." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து கேட்டீங்களே, பதில் அங்கனதான் இருக்கு" என்றார்.

வாங்கிக்கொண்டு நடந்தேன். தூண் பத்தடி தூரம்தான்.

மூன்றாவது அடியில் முதல் முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. நாலாம் நாள். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்லுக்கு இன்னும் எட்டு நாள் மிச்சம் இருந்தது. விட்டதைச் சேர்த்து அரைத்திருக்கலாம். இரண்டாவது முடிச்சிலும் சேர்த்திருக்கலாம். ஐந்தாவதிலும்கூட. என் நடை தன்னால் மெதுவானது.

மாடத்தியின் முன்னால் போய் நின்றேன். நாரை மட்டும் நீட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். முடிச்சுகளைத் தடவி எண்ணினாள். முகம் மலர்ந்தது.

"மந்திரிச்ச கயிறாய்யா? ஒம்பது முடிச்சு போட்டுருக்கே. நவக்கிரகத்துக்கா?"

கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இல்லை மாடத்தி, அது வந்து..."

"எனக்காகவா போட்டீக? தினமும் ஒண்ணாப் போட்டீகளா?" மூச்சு வாங்கியது. "நீங்க அந்த ஜன்னல்கிட்ட வந்து வந்து நின்னதை நானும் பாத்தேன் சாமி. சைலம் தம்பி மட்டுந்தான் என்னை நினைக்குன்னு இருந்தேன். நீங்களும் நினைச்சிருக்கீக."

நாரை என் கையில் திருப்பி வைத்தாள். மணிக்கட்டை நீட்டினாள். எலும்பும் தோலுமான கை, புகையிலைக் கறை ஏறிய நகம்.

"உங்க கையாலேயே கட்டி விட்டுருங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அது சிவசைலத்தைப் பார்க்கிற பார்வை. நாலு வருஷமாக இந்த மடத்தில் ஒருத்தராவது என்னை அப்படிப் பார்க்க மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த பார்வை.

நாரை அவள் மணிக்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு முனையும் என் விரலில் இருந்தன, முடிச்சுப் போடுவதுதான் பாக்கி.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

"பத்தாவது முடிச்சா அண்ணாச்சி?"